அக்காவின் ஞாபகத்தை இரவல் வாங்கிய கம்ப்யூட்டர்

எங்கள் நந்தவனத் தெருவில் இருபத்து மூன்று வீடுகளும் பதினாறு ஆடுகளும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தன. இந்த மொத்தக் கூட்டத்தில் ஞாபகசக்தி குறைந்தது அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான், மற்ற எல்லோரும் எந்தக் கல்யாணத்தில் யாருக்கு முதல் பந்தியில் இலை போடவில்லை என்பதைப் பேரன் எடுத்த பிறகும் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள், ஊசி போட்ட கையை ஆடுகள்கூட மறக்காது.

கம்ப்யூட்டர் எங்கள் அப்பாவுடையது. அப்பா பெயர் வேலாயுதம், ஜாதகம் வேலாயுதம் என்றால்தான் சாத்தூரில் தெரியும். மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்து, பொட்டு வைத்து, சூடம் காட்டி, ஜாதகப் பொருத்தம் பார்க்கிற சாப்ட்வேர் போட்டு வைத்திருந்தார். நாலு ஜாதகத்தை ஒன்றாகத் திறந்தால் போதும், மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு பெட்டி வந்து, விர்ச்சுவல் மெமரி போதவில்லை என்று சொல்லிவிட்டு, ஒன்பதாம் பொருத்தத்தில் அப்படியே நின்றுவிடும். பெண்ணைப் பெற்றவர்கள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"சுடரு! பிளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் குரூப்பு எடுத்து என்னத்தக் கிழிச்ச? வந்து சரி பண்ணு."

நான் திண்ணையில் இருந்தேன். அடுப்படிக்குக் கேட்கும்படி அப்பா குரலிலேயே, "பாக்கியம், ரெண்டு காபி" என்றேன். அம்மா இரண்டு காபி போட்டாள். ஒன்றை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு இன்னொன்றை நான் குடித்துக்கொண்டே உட்கார்ந்தேன். எனக்கு எல்லாக் குரலும் வரும். ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு விட்டிருக்கிறேன், அது வேறு கதை.

விர்ச்சுவல் மெமரி என்பது பெரிய விஷயமில்லை. ராம் என்பது அடுப்பு மேடை. மேடையில் இடம் பற்றவில்லையென்றால், இப்போது கை படாத பாத்திரத்தைத் தரையில் இறக்கி வைப்போம். வேண்டும் என்று கேட்டால் மறுபடி மேலே ஏற்றுவோம். அந்தத் தரைதான் அது. தரைக்கு எவ்வளவு இடம் என்று நாம் சொல்லிக்கொடுக்கலாம். கண்ட்ரோல் பேனலுக்குள் போய், சிஸ்டத்துக்குள் போய், அட்வான்ஸ்டுக்குள் போய், அங்கே 'தானாகப் பார்த்துக்கொள்' என்று இருந்த டிக்கை எடுத்துவிட்டேன். சி டிரைவில் இடமில்லை, ஊர்பட்ட ஜாதகம். டி டிரைவில் இடமில்லை, அப்பாவின் பக்திப் பாடல். அதற்குக் கீழே, யாரும் போட்டு வைக்காத இசட் என்று ஒரு டிரைவ் இருந்தது. காலி இடம் எவ்வளவு என்கிற கட்டத்தில் எண்ணே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அதைத் தேர்வு செய்து, அளவு கேட்ட இடத்தில் பெட்டி கொள்கிற மட்டும் ஒன்பது ஒன்பதாக அடித்து, ஓகே கொடுத்து, ரீஸ்டார்ட் செய்தேன்.

அப்பா நாற்பது ஜாதகத்தை ஒரே நேரத்தில் திறந்தார். குதிரை மாதிரி ஓடியது.

அப்போதுதான் எதிர்வீட்டுச் சண்முகத்தாய் சித்தி, முப்பது வருஷமாக ரயில்வே ஸ்டேஷனில் வெள்ளரிக்காய் விற்கிறவள், கூடையும் கையுமாக எங்கள் வாசலுக்கு வந்து, "ஏத்தா சுடரு, எம் மாமியா பேரு என்னத்தா?" என்று கேட்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நாலு வீடு தள்ளி, ரிட்டையர்ட் தபால்காரர் கோமதிநாயகம் மாமா, பதினொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்து, கொடுத்த காபியைப் பாதி குடித்திருந்தபோது, எங்கள் அப்பா வேலை முடிந்து கம்ப்யூட்டரை அணைத்தார். மாமா டம்ளரைப் பார்த்தார், எதிரே இருந்த ஆளைப் பார்த்தார், மிச்சக் காபியை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

இரண்டு நாளில் தெருவுக்கு விஷயம் பிடிபட்டது: கம்ப்யூட்டர் ஓடுகிற மட்டும் தெருவின் ஞாபகம் அதற்கு இரவல், அணைத்தால் திரும்பி வந்துவிடும். யாரும் வாயில் கை வைக்கவில்லை, பூசாரியைத் தேடிப் போகவில்லை. எட்டு மணி நேரக் கரண்ட் கட்டையே அட்டவணை போட்டு வாழ்ந்து பார்த்தவர்கள் நாங்கள், எங்களுக்கு இது ஒரு கட்டா? மாரியம்மன் கோவில் சுவரில், தண்ணீர் வராத நாளை எழுதுகிற கரும்பலகையில், 'மறதி நேரம்: காலை 10 முதல் 1 வரை' என்று எழுதிப் போட்டார்கள். அந்த நேரத்தில் யாரும் கடன் கேட்கக் கூடாது, சம்பந்தம் பேசக் கூடாது, வழக்குத் தீர்க்கக் கூடாது என்று முடிவானது. எந்தெந்த வீட்டு ஆடு எது என்று கொம்பில் பெயின்ட் அடித்தார்கள். பிறகு, மெல்ல மெல்ல, ஒவ்வொருத்தராக எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வர ஆரம்பித்தார்கள். "பாப்பா, இன்னைக்கு ஒரு மணி நேரம் சேத்து ஓட்டுத்தா, எங்க வீட்டுக்காரரு போன தீபாவளியச் சொல்லிச் சொல்லி உயிர வாங்குறாரு" என்று ஒருத்தி. "எங்கம்மா செத்த தேதி வருது, அன்னைக்கு மட்டும் நிப்பாட்டி வையி, எனக்கு அழணும்" என்று ஒருத்தி. ஒரு ஞாபகத்தை வாரக் கணக்கில் இறக்கி வைத்தவர்களுக்கு முகம் தெளிந்தது, இடுப்பு நிமிர்ந்தது, பசி எடுத்தது. தெரு முழுவதும் ஒரு சுற்றுப் பெருத்தது.

நான் செய்த ஒரே தப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் கேட்கும்படி, எங்கள் கம்ப்யூட்டர் சார் குரலில், "மாணவிகளே, கவனியுங்கள்! கையில் இருக்கும் பாத்திரத்தை அது எடுக்காது. சும்மா கிடக்கும் பாத்திரத்தைத்தான் எடுக்கும். ஒன்றை விடாமல் நினைத்துக்கொண்டே இருந்தால் அது உங்களிடமே இருக்கும்" என்று பாடம் நடத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். குடத்தோடு நின்ற அப்பா சிரிக்கவில்லை.

ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒருத்தி ஒன்றை விடாமல் நினைத்துக்கொண்டே இருந்தாள்.

என் அக்கா முத்தரசி மெட்ரிக் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன ஆள் அருளப்பன், மேட்டமலையில் கால்நடை ஆய்வாளர். எங்கள் தெருவில் அவர் ஊசி போடாத ஆடு இல்லை; தொண்டையில் மாங்கொட்டை சிக்கிய ஆட்டின் வாய்க்குள் முழங்கை வரை கைவிட்டு எடுத்தபோது சண்முகத்தாய் சித்தி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஆனால் ஆடு வேறு, பெண் வேறு.

"அவுங்க வேற, நாம வேற" என்றார் அப்பா.

"என்ன வேற? அவருக்கும் ரெண்டு கை ரெண்டு காலுதாம்ப்பா."

"வாய மூடு. தெருவுல தலை காட்ட முடியாது."

"நான் போவேம்ப்பா. சொல்லிட்டுத்தான் போவேன், ஒளிஞ்சு போக மாட்டேன். பட்டப்பகல்ல, இந்தத் தெரு வழியா, செருப்பப் போட்டுக்கிட்டு நடந்து போவேன்."

அம்மா அப்போது அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

குழாயடிப் பாடம் முடிந்த மறுநாளிலிருந்து அப்பா கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. ஜாதகம் நாற்பது போய் நானூறு ஆனது. செத்தவர்கள் ஜாதகத்தையெல்லாம் திறந்து வைத்தார். அக்காவின் நினைப்பைத் திருப்பவென்று தெருவும் அவளைச் சும்மா விடவில்லை. ஒருத்தி பரீட்சைப் பேப்பர் கட்டைத் தூக்கிவந்து திருத்தித் தரச் சொன்னாள், ஒருத்தி மகனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கச் சொன்னாள், ஒருத்தி வளைகாப்புக்கு நூற்றெட்டு முறுக்கு சுற்ற வாவென்று இழுத்துப் போனாள், கோமதிநாயகம் மாமா தன்னுடைய பென்ஷன் அரியரை ஆறு விதமாகக் கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னார். அக்காவுக்குப் புரிந்தது. பேப்பர் திருத்தும்போது ஒவ்வொரு மார்க்குக்கும் நடுவில் அருளப்பன் என்றாள், முறுக்குச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் அருளப்பன் என்றாள், வாய்ப்பாட்டில் எட்டேழு ஐம்பத்தாறு அருளப்பன் என்றாள், அந்தப் பையன் பள்ளிக்கூடத்திலும் அப்படியே சொல்லி அடி வாங்கினான். ஒன்பது நாள் பிடித்து வைத்திருந்தாள். பத்தாம் நாள், பத்தாம் வகுப்புப் பேப்பரில் ஒரு பிள்ளை யாருமே யோசிக்காத வழியில் ஒரு வடிவியல் கணக்கைப் போட்டிருந்ததைப் பார்த்து, "அடி என் தங்கமே!" என்று வியந்து, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள்.

நிமிர்ந்தபோது முகம் கழுவின மாதிரி இருந்தது.

மறுநாள் செல்போன் அடித்தபோது, "ராங் நம்பருங்க" என்று வைத்தாள்.

அதற்கு அடுத்த நாள் அருளப்பன் பைக்கில் வந்தார். தெருவும் அவரைச் சும்மா கிடந்த பாத்திரமாக இறக்கி வைத்திருந்தது. அக்காவோடு சேர்ந்து மனசுக்குள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்த என்னைத் தவிர யாருக்கும் அவரைத் தெரியவில்லை. பதினாறு ஆடுகளுக்கும் தெரிந்தது, கட்டை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தன. அக்கா வாசலில் நின்று, "யாரப் பாக்கணும் சார்?" என்று கேட்டாள். அவர் பைக்கிலிருந்து ஊசிப் பெட்டியை அவிழ்த்தார்.

"ஆட்டுக்குத் தடுப்பூசி போட வந்தேம்மா" என்றார். போட்டார். எல்லா ஆட்டுக்கும் போட்டார். கடைசியில் என்னைத் தெருமுனையில் பிடித்து, "அவளுக்கு என்னாச்சு சுடர்?" என்றார். சொன்னேன். ஒன்பது ஒன்பதாக அடித்தது நான்தான் என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன்.

"எப்ப நெனப்பு வந்தாலும் மேட்டமலையிலதான் இருப்பேன்னு சொல்லு" என்று பைக்கை எடுத்தார்.

அன்றிலிருந்து எனக்கு விளையாட்டு விளையாட்டாக இல்லை. கம்ப்யூட்டரை நெருங்க முடியவில்லை, அப்பா நாற்காலியைவிட்டு எழுவதே இல்லை, சாப்பாடும் அங்கேதான். எண்ணை மாற்றினாலும் ரீஸ்டார்ட் செய்தால்தான் மாறும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட்டை நிறுத்துகிற நாளுக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து வைத்துவிட்டார். திருவேங்கடத்து மாப்பிள்ளைக்கும் அக்காவுக்கும் பத்துக்குப் பத்துப் பொருத்தம் என்று பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியாயிற்று. நிச்சயத்துக்குத் தேதி குறித்தாயிற்று.

என்னிடம் இருந்தது வாய் மட்டும்தான். இறக்கி வைத்த பாத்திரத்தைப் பெயர் சொல்லிக் கேட்டால் மேலே வந்தாக வேண்டும், அது விதி. அக்கா தலை சீவிக்கொண்டிருந்தபோது அருளப்பன் குரலில், "முத்து, ஆட்டுக்குப் பேதி நின்னுருச்சு, வா டீ குடிக்கலாம்" என்றேன்.

அக்கா சிரித்தாள். "இது யாரு குரலுடி? புதுசா இருக்கே. நல்லா இருக்கு."

அவ்வளவுதான். நான் மாடிக்குப் போய் அழுதேன், என் குரலில்.

நிச்சயத்தன்று காலை பத்தரை. மறதி நேரத்தில் சம்பந்தம் பேசக் கூடாது என்ற சட்டமும் தெருவுக்கு மறந்துபோயிருந்தது. தெருவை அடைத்துப் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் நடுவில், தெரு முழுக்கச் சுற்றி, தட்டுத் தட்டாகப் பழம், வெற்றிலை, பட்டுப்புடவை. பந்தலுக்கு வெளியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்க, திறந்த கதவுக்குள் கம்ப்யூட்டர் தெரிகிற மாதிரி அப்பா நாற்காலியைப் போட்டிருந்தார். கோமதிநாயகம் மாமா லக்னப் பத்திரிகையை எழுந்து நின்று வாசித்தார். சாத்தூர் நந்தவனத் தெரு வேலாயுதம் பாக்கியம் தம்பதியரின் மூத்த குமாரத்தி திருநிறைச்செல்வி முத்தரசியை என்று மூச்சு விடாமல் போய், "பெண்ணைக் கொடுக்கச் சம்மதம்" என்று அப்பாவைப் பார்த்து நிறுத்தினார். புடவைத் தட்டை அக்கா கை நீட்டி வாங்கினாள். பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, பத்திரிகையில் அதற்கு வரி கிடையாது.

அந்த இடைவெளியில் எனக்குத் திடீரென்று உறைத்தது. அருளப்பனை யார் குரலில் கேட்டாலும் வராது. இறக்கி வைத்தது அவரை இல்லை. அக்காவை.

நான் அக்கா குரலில் சொன்னேன். பந்தல் கடைசி வரைக்கும் கேட்கும்படி, அவள் அன்றைக்குச் சொன்ன அதே எடுப்பில், அதே மூக்குவிடைப்பில் சொன்னேன்: "நான் போவேம்ப்பா. சொல்லிட்டுத்தான் போவேன், ஒளிஞ்சு போக மாட்டேன்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். உதடு என் உதட்டோடு அசைந்தது. அடுத்த வரியை நான் சொல்லத் தேவையில்லாமல் போனது.

"பட்டப்பகல்ல" என்றாள் அக்கா, மெதுவாக, ருசி பார்க்கிற மாதிரி. "இந்தத் தெரு வழியா." தட்டைக் கீழே வைத்தாள். "செருப்பப் போட்டுக்கிட்டு."

மாப்பிள்ளையைப் பார்த்துக் கைகூப்பி, "மன்னிச்சுக்கங்க, உங்க மேல ஒரு குறையும் இல்ல. எனக்கு ஆளு இருக்கு" என்றாள். வாசலில் கிடந்த நூறு ஜோடியில் தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

தெரு எழுந்தது. எழுந்து அடைத்தது. முன்வரிசையில் சண்முகத்தாய் சித்தி இரண்டு கையையும் விரித்து நின்றாள். "எங்கத்தா போற? குடும்பம், மானம், மரியாத ஒண்ணும் நெனப்பில்லையா?"

நான் சித்தி குரலை எடுத்தேன். வழக்கமான கரகரக் குரலைத்தான் எடுக்கப் போனேன், என் வாய்க்கு வந்தது பத்தொன்பது வயசுக் குரல், எனக்குத் தெரியாத வார்த்தைகளும், தரையில் இறக்கி வைத்த பாத்திரம் மாதிரி, அதோடு சேர்ந்து மேலே வந்தன: "செல்லையா, பாசஞ்சர் வண்டிக்கு வந்துரு. நான் வெள்ளரிக்காக் கூடையோட ரெண்டாம் பிளாட்பாரத்துல நிப்பேன். வரலைன்னா ஒரு லெட்டராச்சும் போடு."

சித்தியின் கை இறங்கியது.

எனக்கு நிறுத்தத் தெரியவில்லை, நிறுத்தவும் மனசில்லை. கோமதிநாயகம் மாமாவின் குரல் தானாக வந்தது: "செல்லையா லெட்டரு வந்துச்சு. நாலு வந்துச்சு. சண்முகத்தாயோட அப்பா கேட்டாருன்னு நாலையும் அடுப்புல போட்டேன்."

மாமா லக்னப் பத்திரிகையை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். சித்தி அவர் பக்கம் திரும்பினாள். முப்பது வருஷம் ஒரே ஸ்டேஷனில் நின்ற ஒருத்தி திரும்புவதைப் பார்க்க வேண்டுமே, பந்தல் காலே நகர்ந்தது. நான் அடுத்த குரலுக்குப் போனேன், அதற்கு அடுத்ததற்குப் போனேன், அழ வேண்டியவர்களை அழ வைத்தேன், தலை குனிய வேண்டியவர்களைக் குனிய வைத்தேன், வாரக் கணக்கில் காலியாக இருந்த தலைகளுக்குள் அவரவர் சரக்கு திரும்ப இறங்க, ஒவ்வொருத்தராக வழியைவிட்டு ஒதுங்கி, கிடைத்த இடத்தைப் பிடித்து உட்கார்ந்தார்கள். உள்ளே கம்ப்யூட்டர் பெரிதாக ஒரு விசில் அடித்து, திரை கறுத்து நின்றது.

கடைசியாக வழியில் நின்றது அப்பா.

"சுடரு, வேண்டாம்" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா குரலில் நான் சொன்னேன், இரண்டு காபி கேட்கிற குரலில் இல்லை, அதைவிட இளசு, பயந்த குரல்: "பொறந்தது நாலே முக்கால். ஜாதகத்துல நாலு இருபதுன்னு திருத்திட்டேன். இல்லாட்டி ரச்சுப் பொருத்தம் தட்டுது, பாக்கியத்தக் குடுக்க மாட்டாங்க. பாக்கியம் இல்லாம என்னால முடியாது."

அம்மா எழுந்து நின்றாள். "இருபத்தாறு வருசமா, பத்துக்குப் பத்துன்னு பீத்திக்கிட்டு இருந்தீங்களே."

அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. பிரிண்ட் எடுத்து ஒட்டிய சுவரையும் பார்க்கவில்லை.

அக்கா அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். ஓடவில்லை. இருபத்து மூன்று வீட்டையும் ஒவ்வொன்றாகக் கடந்து, ஆடுகளைத் தாண்டி, செருப்புச் சத்தம் கேட்க நடந்தாள். நடந்துகொண்டே போன் போட்டாள். "நான்தான். எங்க இருக்கீங்க? ஆடு குட்டி போடுதா? அத விட்டுட்டு வராதீங்க, கிடக்கட்டும், நானே வர்றேன்."

அப்போதுதான் அப்பாவுக்குக் குரல் திரும்பியது. "போனா போனதுதான்! இந்தத் தெருப் பக்கம் திரும்பி வராத!"

அக்கா தெருமுனையில் நின்றாள். இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள்.

"வருவேன்! ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வர்றோம். கறி எடுத்து வைங்க!"

தெருவே அப்பா முகத்தைப் பார்த்தது. அம்மா பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாருக்கு நடுவே நடந்து வந்து, மூன்று தெருவுக்குக் கேட்கும்படி, நான் என்ன செய்தாலும் எனக்கு வராத ஒரு குரலில் கேட்டாள்:

"அவருக்கு நெஞ்செலும்பு பிடிக்குமா, தனிக்கறியாடி?"